பொங்கலில் நெய் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் உணவகக் கட்டுரையில் ஒரு வரி: பாலும் தொடாத நனிசைவக்காரர்களுக்குத் தமிழ்நாட்டில் என்ன குறை, எந்த ஹோட்டலில் நுழைந்தாலும் இட்லி, தோசை, பொங்கல் இருக்கிறதே என்று. இட்லி சரி. தோசையைக்கூட விட்டுவிடுகிறேன். பொங்கல்? பக்கத்திலேயே படம் வேறு போட்டிருக்கிறீர்கள். அதில் முந்திரி நெய்யில் நீந்துகிறது. எழுதியவர் கவனிக்காவிட்டாலும் உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்காதே.

நான் ஜவுளி விற்பனைப் பிரதிநிதி. மாதத்தில் 20 நாள் வெளிச் சாப்பாடு. பாலை விட்டு 9 வருடம் ஆகிறது. சின்ன வயதில் எங்கள் வீட்டுப் பசுவின் கன்று செத்தபோது, அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார்கள். பசு அதை நக்கிக்கொண்டே பால் சுரந்தது. அன்றைக்கு அந்தப் பாலைக் குடித்தவன்தான் நானும். உறைக்க எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று, அது வேறு கதை.

பால், தயிர், நெய், வெண்ணெய் எதுவும் கூடாது என்றால், "இது சுத்த சைவம் சார்" என்று பெருமையாகச் சொல்கிறார் சர்வர். போன மாதம் திருநெல்வேலியில் மூன்று தடவை சொல்லி வாங்கிய தோசையில் நெய். "வாசத்துக்கு ஒரு ஸ்பூன்தான் சார்" என்றார். திருப்பி அனுப்பினேன். அதே தோசை குப்புறப் படுத்துக்கொண்டு வந்தது!

ரவா தோசை மாவில் மோர், குருமாவிலும் அவியலிலும் தயிர், சில கடைகளில் பரோட்டா மாவில் பால். சரி, கம்மங்கூழாவது குடிக்கலாம் என்று தள்ளுவண்டிக்குப் போனால், கரைத்து வைத்திருப்பதே மோரில். ஒரே ஆறுதல், நெய் என்று சொல்லி டால்டாவை ஊற்றும் ஹோட்டல்கள். அந்த முதலாளிகளை மனதார வாழ்த்தும் ஒரே வாடிக்கையாளர் நானாகத்தான் இருப்பேன்.

கல்யாணப் பந்தியில் பருப்புக்கு நெய் விட வரும்போது இலையைக் கையால் மறைத்தால், "கொலஸ்ட்ராலா?" என்கிறார்கள். ஆமாம் என்று பொய் சொன்னால் அனுதாபம். உண்மையைச் சொன்னால் பாயசம் வரும்வரை பிரசங்கம். இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் இதழும் எங்களைப் புல் மேய்கிறவர்கள் என்று துணுக்குப் போட்டுச் சிரித்தது. அதற்கு நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை. இடமில்லை போலும். ஓட்ஸ் பால் காபி விற்கும் கஃபேக்களுக்கு முழுப் பக்கம் இருந்தது. அந்த ஒரு காபி விலையில் எனக்கு மூன்று வேளை முடிந்துவிடும்.

பாக்கெட்டில் சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு, அது பாலையும் தேனையும் சேர்த்துத்தான் என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். நனிசைவ உணவுக்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் தனி விதிமுறையே கொண்டுவந்தது. 10 அல்லது அதற்கு மேல் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் ஒவ்வாமை தரும் பொருள்களைப் பற்றித் தெரிவிக்க வேண்டும் என்றும் விதி உண்டு. அந்தப் பட்டியலில் பாலும் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாததா? நான் போகிற ஊர்களில் மெனு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். 'எங்களிடம் சுத்தமான நெய் மட்டுமே' என்பதுதான் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாராவாரம் வரும் உணவகப் பக்கத்தின் அடியில், அந்த ஹோட்டலில் பால் பொருள் சேராதவை எவை என்று ஒரு வரி போடுங்கள். பொடி எழுத்தானாலும் போதும், கண்ணாடி வைத்திருக்கிறேன். அப்புறம், நெய்யில்லாத பொங்கல் எந்த ஊரில் கிடைக்கிறது என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள். அடுத்த மாதப் பயணத்தை அந்தப் பக்கமாக வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
ஈரோடு