கூடாரத்துக்குள் குவிந்த காகிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். வடமாநிலங்களை எதிர்த்துப் போரிட்ட தென்மாநிலங்களின் தளபதி ராபர்ட் ஈ. லீயின் தலைமையகத்தில் பணியாற்றிய இளம் அதிகாரிகளுக்கு அதில் ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதுவும் நல்ல குதிரை, மினுங்கும் உடைவாள், மாலையானால் விருந்து என்று, ஊரே எரிந்துகொண்டிருந்தபோது அவர்கள் மட்டும் ராஜபோகமாக வாழ்ந்ததுபோல் எழுதப்பட்டிருக்கிறது. குதிரையும் விருந்தும் பொய்யல்ல. ஆனால் அந்த முகாம் வாழ்க்கையின் பெரும்பகுதி காகிதத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே கழிந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அந்தப் போர் எப்படி நடத்தப்பட்டது என்பதே விளங்காது.

லீயிடம் இருந்த வால்ட்டர் டெய்லரையே எடுத்துக்கொள்ளலாம். 1838ஆம் ஆண்டு வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் பிறந்த இவர், 1861 மே மாதத்தில் லீயிடம் வந்து சேர்ந்தபோது 22 வயது நிரம்பிய வங்கி ஊழியர். போர் முடியும்வரை அங்கேயே இருந்தார். பல்லாயிரம் பேர் கொண்ட படையை நடத்திய லீ, தமக்கென வைத்துக்கொண்ட அதிகாரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தாம். அவர்களில் சார்லஸ் மார்ஷல் வழக்கறிஞர், சார்லஸ் வெனபிள் கணிதப் பேராசிரியர். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்களைவிட, பிழையில்லாமல் எழுதவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்தவர்களே அந்தக் கூடாரத்தில் தேவைப்பட்டார்கள் போலும்.

லீக்கு அலுவலகக் காகிதங்கள் என்றாலே வேப்பங்காய். விடுப்பு விண்ணப்பம், ராணுவ நீதிமன்றத் தீர்ப்பு, இடமாற்றக் கோரிக்கை, ஒவ்வொரு படைப்பிரிவிலிருந்தும் வரும் ஆள்கணக்கு என நாள்தோறும் வந்து குவிந்த அனைத்தையும் டெய்லர்தான் படித்துப் பிரித்து, தளபதி பார்த்தே ஆகவேண்டியவற்றை மட்டும் எடுத்துச் செல்வார். ஒருநாள் அப்படி எடுத்துச் சென்றபோது லீ எரிச்சலில் இருந்திருக்கிறார். கழுத்து வெட்டி வெட்டி இழுத்ததைப் பார்த்தே டெய்லருக்கு அது புரிந்துவிட்டது. தாமும் பொறுமையிழந்து காகிதங்களைத் தம் பக்கத்தில் விட்டெறிந்தார். லீ உடனே தணிந்து, தாம் கோபப்பட்டால் அதற்காக நீங்களும் கோபப்படலாமா என்று கேட்டதாக டெய்லரே பின்னாளில் எழுதியிருக்கிறார். பிள்ளை வயதில் இருந்த கீழதிகாரி கொண்ட கோபத்தைப் படையொழுங்கு மீறலாகப் பார்க்காமல், நெருக்கமானவர்களுக்குள் எழும் மனத்தாங்கலாகப் பார்த்த பெருந்தன்மை அது. ஆனால் அதே தளபதி பாராட்டில் கஞ்சர். தாம் இரவு பகலாக உழைப்பதை அவர் கண்டுகொள்வதே இல்லை என்று, மணக்க இருந்த பெட்டி சாண்டர்ஸ் என்ற பெண்ணுக்கு எழுதிய கடிதங்களில் டெய்லர் புலம்புகிறார்.

வசிப்பிடத்திலும் தகராறுதான். லீ கூடாரத்தையே விரும்பினார். 1863-64 குளிர்காலத்தில் வர்ஜீனியாவின் ஆரஞ்ச் கோர்ட் ஹவுஸ் என்ற ஊரருகே அவருடைய தலைமையகம் கூடாரங்களில்தான் இயங்கியது. வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் நகரை வடபடை முற்றுகையிட்டிருந்தபோது, 1864 நவம்பரில், டெய்லர் தேடிப்பிடித்த ஒரு வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே கிடைத்த வசதி தளபதிக்கு ஒத்துவரவில்லை, சௌகரியமாக இருக்கும்போதுதான் அவருக்கு மிகவும் அசௌகரியம் என்று டெய்லர் கேலியாக எழுதுகிறார். 1865 ஏப்ரல் 2ஆம் தேதி பீட்டர்ஸ்பர்க்கை விட்டுப் படை பின்வாங்கிக்கொண்டிருந்த இரவில், டெய்லர் விடுப்புக் கேட்டு, தென்தரப்பின் தலைநகரான ரிச்மண்டுக்குப் போய், நள்ளிரவு கடந்ததும் பெட்டி சாண்டர்ஸை மணந்துகொண்டு, விடிவதற்குள் புறப்பட்டுப் படையோடு சேர்ந்துகொண்டார். கட்டுரையாளர் விரும்பும் காதல் கதை இதுதான் என்றால், எனக்கு ஆட்சேபமில்லை.

இந்த எழுத்து வேலையில் நேரும் ஒரு சறுக்கல் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு 1862 செப்டம்பர் 9 தேதியிட்ட 191ஆம் எண் சிறப்பு உத்தரவே சாட்சி. லீ தம் படையை எப்படிப் பிரித்து அனுப்புகிறார் என்பதை முழுமையாகச் சொன்ன அந்த உத்தரவின் ஒரு பிரதி வழியில் தவறிப்போய், மூன்று சுருட்டுகளைச் சுற்றிய காகிதமாக மேரிலாந்தில் வடபடைச் சிப்பாய்களின் கையில் சிக்கியது. அது சிக்கிய நான்கு நாள்களுக்குப்பின் ஆன்டீட்டம் ஓடைக்கரையில் நடந்த போரில் இரு தரப்பிலும் சேர்த்து சுமார் 23,000 பேர் ஒரே நாளில் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போனார்கள். உத்தரவு எழுதப்பட்ட நேரத்தில் டெய்லர் முகாமில் இல்லை; தென்மாநிலக் கூட்டமைப்பின் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸைப் படையிருந்த இடத்துக்கு வரவேண்டாம் என்று தடுத்துத் திருப்ப லீ அவரை அனுப்பியிருந்தார்.

கட்டுரையில் அறவே இடம்பெறாத இன்னொன்றும் உண்டு. அந்த முகாமில் சமைத்தது யார், பரிமாறியது யார்? லீயின் மாமனாரின் பண்ணையில் அடிமைகளாக இருந்த பெர்ரி, மெரிடித் என்ற இருவர். மாமனார் 1857இல் இறந்தபோது எழுதிவைத்திருந்த உயில், அடிமைகளை ஐந்தாண்டுக்குள் விடுவிக்கச் சொன்னது. லீ அதற்கான பத்திரத்தை முடித்தது அந்தக் கெடு கடந்த பிறகு, 1862 டிசம்பர் இறுதியில். எளிமையான முகாம், தகரத் தட்டில் உணவு என்றெல்லாம் லீயைப் போற்றுகிறவர்கள், அந்தத் தட்டை ஏந்தி வந்த கைகளைப் பற்றி ஒரு வரியாவது எழுத வேண்டாமா?

இறுதியாக ஒரு கணக்கு. பின்வாங்கும் வழியில் தலைமையகக் காகிதங்கள் அழிக்கப்பட்டுவிட்டன. போருக்குப் பின் வங்கித் தொழிலுக்குத் திரும்பிய டெய்லர், வெற்றி பெற்ற தரப்பு கைப்பற்றி வாஷிங்டனில் வைத்திருந்த ஆவணங்களை ஆராய அனுமதி பெற்று, 1877இல் தம் நூலை வெளியிட்டார். எண்ணிக்கையில் மலைபோல் நின்ற எதிரியிடமே தென்படை தோற்றது என்று நிறுவ அந்த எண்கள் பல தலைமுறைகளுக்குப் பயன்பட்டன. லீ இறுதியில் சரணடைந்த அப்போமாட்டக்ஸில் அவரிடம் எஞ்சியிருந்தவர்கள் சுமார் 8,000 பேர் என்று கட்டுரையாளரும் எழுதியிருக்கிறார். அது துப்பாக்கியோடு அணியில் நின்ற காலாட்படையின் கணக்கு மட்டுமே. அங்கே சரணடைந்து, இனிப் போரிடமாட்டேன் என்று உறுதிச்சீட்டு பெற்றுச் சென்றவர்கள் 28,000க்கும் மேற்பட்டோர். கட்டுரை நூலாக வரும்போது இரண்டு எண்களையும் சேர்த்தே அச்சிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்.