வீடு மாறவில்லை, ஊர் மாறிற்று

கண்ணு,

நீ கேட்ட காகிதங்களை ஸ்கேன் எடுத்து நேற்றே அனுப்பிவிட்டேன். "உங்க அப்பா எத்தனை வீடு மாறினார்?" என்று டப்ளின் வக்கீல் கேட்டாராம். 1988-ல் பால் காய்ச்சினதிலிருந்து ஒரே வீடு, ஒரே வாசப்படி. விலாசம்தான் நம்மைக் கேட்காமல் மாறிக்கொண்டே வந்தது.

கிரயப் பத்திரத்தைப் பார். ஹொரமாவு கிராமம், கே.ஆர்.புரம் ஹோப்ளி (தாலுகாவுக்குள் சில கிராமங்கள் சேர்ந்த பிரிவு), பெங்களூர் தெற்கு தாலுகா. நாம் இருப்பதோ வடகிழக்கு மூலை! அப்புறம் அதையே கிழக்கு தாலுகா ஆக்கினார்கள். பஞ்சாயத்து வரி ரசீது கார்பன் தாளில் எழுதினது. பாதி அழிந்துவிட்டது, பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். 2007 ஜனவரியில் ஏழு நகரசபைகள், கெங்கேரி புரசபை, சுற்றியிருந்த 110 கிராமங்கள் எல்லாவற்றையும் சேர்த்து பிருஹத் பெங்களூர் மகாநகர பாலிகே, அதாவது பெரிய பெங்களூர் மாநகராட்சி என்றார்கள். அந்த 110-ல் ஹொரமாவும் ஒன்று. 2025 செப்டம்பரில் பாலிகேயையே ஐந்தாகப் பிரித்தாயிற்று. இப்போது நாம் பெங்களூர் கிழக்கு மாநகராட்சி. இதை அந்த வக்கீலுக்கு எப்படிச் சொல்வாயோ, உன் சாமர்த்தியம்.

மாநகராட்சிக்குள் வந்ததும் வரி ஏறிற்று. தண்ணீருக்கு டேங்கர்தான். 110 கிராமங்களுக்கென்று போட்ட காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்தைத் திறந்ததே 2024 அக்டோபரில். கணக்குப் போட்டுக்கொள்.

நம்ம தெரு ஏன் முட்டுச்சந்து என்று சின்ன வயதில் கேட்டுக்கொண்டே இருப்பாய், ஞாபகமிருக்கிறதா? அப்போது சரியாகச் சொல்லவில்லை. இது கேழ்வரகு வயல். கௌடர் தன் நிலத்தை மட்டும் சைட்டாகப் பிரித்து, நடுவில் இருபது அடி விட்டு விற்றார். விவசாய நிலத்தை அப்படியே மனையாக விற்கிற ரெவின்யூ சைட்டுக்கு பிளான் ஏது, அப்ரூவல் ஏது. அவர் வரப்பு முடிந்த இடத்தில் ரோடும் முடிந்தது. பக்கத்து நிலத்துக்காரர் பத்து வருஷம் கழித்து விற்றபோது ரோட்டை வேறு பக்கமாக விட்டார். எதிரே தெரிகிற வீட்டுக்குக்கூட ஊரைச் சுற்றிப் போகிறோமே, அது அந்தப் பழைய வரப்பு போடுகிற ஆட்டம். டேங்கர்காரன் இன்றைக்கும் கடைசி வீடுவரை ரிவர்ஸிலேயே வருகிறான், நம்ம சுவரில் இரண்டு தடவை இடித்துவிட்டான்.

பேப்பரில் சேர்கிறது ஒன்று, வாயில் சேர்கிறது இன்னொன்று. அல்சூரில் உன் கொள்ளுத்தாத்தா இருந்த இடம் 'தண்டு', அதாவது வெள்ளைக்காரர்களின் கன்டோன்மென்ட்; அவெனியூ ரோடு பக்கம் 'பேட்டை', அதாவது பழைய ஊர். 1862-லிருந்து இரண்டுக்கும் தனித்தனி முனிசிபாலிட்டி. 1949-ல்தான் ஒரே கார்ப்பரேஷன் ஆனது. ஆனாலும் என் அப்பா கடைசிவரை, "பேட்டை வரைக்கும் போயிட்டு வரேன்" என்று வெளியூர் கிளம்புகிற மாதிரி பையை எடுப்பார். பாட்டி டிபன் கட்டிக் கொடுப்பாள், என்னமோ ஓசூருக்குப் போகிற மாதிரி.

சிரிக்காதே, இங்கேயும் அதே கதைதான். போன வாரம் கௌடர் வீட்டம்மாவை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். பட்டுப்புடவை, தலை நிறைய கனகாம்பரம். எங்கேம்மா என்றேன். "பெங்களூரிகே" என்றார். மெஜஸ்டிக் பக்கம் ஒரு கல்யாணமாம். மாநகராட்சிக்குள் நின்றுகொண்டு பெங்களூருக்கு பஸ் ஏறுகிறார்! நானும், "அங்கே மழை பெய்யுதாம், குடை எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவர்கள் விற்காமல் வைத்திருக்கிற துண்டு நிலத்தில் இந்த வருஷமும் அவரைக்காய் போட்டிருந்தார்கள். கேட்டில் ஒரு பை தொங்கவிட்டுப் போயிருக்கிறார். அம்மா ஊறவைத்து, டி.வி. முன்னால் உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருக்கிறாள், பாதி எனக்கும் தள்ளிவிட்டாள். அந்தப் பக்கம் யாராவது வந்தால் சொல், பிதுக்குப் பருப்பைக் காயவைத்துக் கொடுத்தனுப்புகிறோம். பழைய ரசீதின் ஒரிஜினல் வேண்டுமென்றால் மட்டும் கேட்காதே, தபாலில் போட மனசு வரவில்லை.

அப்பா