பிரெட்டில் சேரும் நொதி குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

அல்சூரில் உள்ள எங்கள் பேக்கரிக்கு நாள்தோறும் வரும் உங்களில் சிலர், பிரெட் உறையிலுள்ள 1100 என்ற எண்ணைக் காட்டி, அது பூஞ்சையிலிருந்து எடுத்ததாமே, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். மாவில் பொட்டாசியம் புரோமேட் என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பதற்கு 2016-இல் நம் நாட்டில் தடை வந்ததை மறக்காதவர்கள் இப்படிக் கேட்பது நியாயமே.

அந்த எண் அமைலேஸ் என்னும் நொதியை (என்சைமை) குறிக்கிறது. மைதாவின் மாவுச்சத்தைச் சிறிது சிறிதாகச் சர்க்கரையாக்கி ஈஸ்ட்டுக்கு இரை தருவது அதன் வேலை. நாங்கள் வாங்குவது ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையை வளர்த்துப் பிரித்தெடுத்த தூள். ஜப்பானியர் சோயா சாஸும் மிசோ என்ற சோயா விழுதும் செய்யப் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தும் பூஞ்சை இதுதான். இதன் நொதிக்கு ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே 1894-இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்.

நெடுநாள் பழக்கம் ஒன்றையே சான்றாகக் கொள்ள முடியாது. கெட்டுப்போன வேர்க்கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ், இதற்கு மிக நெருங்கிய உறவு. ஆகவே ஆய்வாளர்கள் நொதியைக் காட்டிலும் அதைச் சுரந்த உயிரைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள்: வளர்க்கப்பட்டது எந்த ரகம், அதற்கு நஞ்சு சுரக்கும் திறன் உண்டா, உயிருள்ள பூஞ்சை தூளில் எஞ்சியிருக்கிறதா என்பவையே அவர்களுடைய கேள்விகள். நொதியோடு ஒட்டிக்கொண்டு வரும் கரிமப் பொருள் அனைத்தையும் சேர்த்தே எடை கணக்கிட்டு, மரபணுவுக்குச் சேதம் உண்டா என்று சோதித்து, எலிகளுக்கு 90 நாள் கொடுத்துப் பார்த்து, தீங்கு காணாத மிகப் பெரிய அளவுக்கும் நாம் உண்ணக்கூடிய அளவுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் வல்லுநர் குழுவின் வரையறைப்படி, இத்தகைய தூளின் 25 கிராமில் சால்மோனெல்லா அறவே இருக்கக் கூடாது. ஈயம் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

அடுப்பில் பிரெட்டின் உட்புறம் 90 டிகிரியைத் தாண்டிவிடுவதால், பூஞ்சையின் இந்த நொதி அதற்கு முன்பே செயலிழந்துவிடுகிறது.

உண்மையில் இத்தூளால் அதிக ஆபத்து உண்பவருக்கு அன்று, அதை மூச்சில் இழுப்பவருக்கே. மாவுத் தூசியோடு அமைலேஸையும் ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பது பேக்கரித் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமாவைத் தரக்கூடும். எங்கள் மாவு பிசையும் தம்பி ஒருவர், காலையில் தூள் டப்பாவைத் திறந்த மறுகணமே அடுக்கடுக்காகத் தும்மி, கண்கள் சிவந்து நின்றதை நாங்களே பார்த்தோம். அன்றிலிருந்து தூளை உயரத்திலிருந்து கொட்டாமல், முகக்கவசம் அணிந்து, மாவுக்குள் கரண்டியைப் புதைத்து மெல்லக் கலக்கிறோம். அமைலேஸ் ஒவ்வாமை இருப்பதாக மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தால், பிரெட் உண்பது பற்றியும் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

தூள் விற்பவர் ஒவ்வொரு முறையும் தரும் பரிசோதனைச் சான்று கல்லாப்பெட்டி அருகே கோப்பில் இருக்கிறது. கேட்டு வாங்கிப் படிக்கலாம். நொதி சேர்க்காத பிரெட் வேண்டுவோர் முதல் நாள் மாலையே சொல்லிவைத்தால் தனியாகச் செய்து தருகிறோம். அது சற்று இறுகியிருக்கும், சீக்கிரம் காய்ந்துவிடும்.

தங்கள் அன்புள்ள,
பேக்கரியார், அல்சூர், பெங்களூரு