ராயக்கோட்டைப் பல்லிகளுக்காக உழைத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரப் பாறைக்குன்றுகளில் வாழும் பல்லிகளைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டேன். அதில் நன்றியுரைக்கு ஒரு பக்கம்தான் இடம். அங்கே அடங்காதவர்களுக்காக இந்த மடல்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழக அருங்காட்சியகம் ஒன்றில் ஊர்வன, நீர்நில வாழ்வன சேகரிப்பைப் பராமரிக்கும் அம்மையாருக்குத்தான் முதல் நன்றி. எனக்குத் தேவைப்பட்ட பழைய பல்லிகள் அவர் பொறுப்பில் ஸ்பிரிட் குடுவைகளில் இருந்தன. பின்னங்காலில் நூலால் கட்டிய சீட்டில் இடப்பெயர் 'சேலம் ஜில்லா' என்று மட்டுமே இருந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல், அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல். 1965-க்கு முன்பு ஓசூரும் சேலம் ஜில்லா, ஆத்தூரும் சேலம் ஜில்லா. எந்தக் குன்றில் போய்த் தேடுவது? அம்மையார் சேகரித்தவரின் களக் குறிப்பேட்டைத் தேடியெடுத்து, பக்கம் பக்கமாகப் படம்பிடித்து அனுப்பினார். ஒரு பக்கத்தில் ராயக்கோட்டை என்று தெளிவாக இருந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அதோடு விடவில்லை அவர். பழைய உடல்களில் டி.என்.ஏ. பெரும்பாலும் சிதைந்திருக்கும், உருவ அடையாளங்களைத்தான் நம்ப வேண்டும். விரல்களுக்கு அடியில் உள்ள தகடுகளையும், ஆண் பல்லியின் தொடையோரத் துளைகளையும் எண்ணும்படி நுண்ணோக்கியில் வைத்து ஒவ்வொன்றாகப் படமெடுத்துத் தந்தார். முகம் பார்த்திராத ஒரு மாணவருக்காக இவ்வளவு மெனக்கெட யாருக்கு மனசு வரும்?

அப்புறம், ராயக்கோட்டையில் ஆடு மேய்க்கும் ஐயா. பகலில் எந்தப் பாறை இடுக்கில் பல்லி பதுங்கும், வெயில் தாழ்ந்ததும் எந்தப் பக்கம் வெளியே வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆய்வேட்டின் வாழிட அத்தியாயத்தில் பாதி அவர் காட்டியது என்று தாராளமாகச் சொல்வேன். கல் குவாரி அண்ணன்கள் வேலையை நிறுத்திவிட்டு வழி காட்டினார்கள். அனுமதி தந்த வனத்துறைக்கும், அஞ்செட்டிப் பக்கம் இரவில் துணைக்கு வந்த காவலர்களுக்கும் நன்றி. பசியோடு இறங்கி வந்தபோதெல்லாம் களியும் கீரைக் குழம்பும் போட்ட அக்காவை எப்படி மறப்பது!

எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திசுவை முதலில் எடுத்துத் தனியே ஆல்கஹாலில் போடு, பிறகுதான் உடலுக்கு ஃபார்மலின், கடைசியாக 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்று என்று வரிசையை மனப்பாடம் ஆக்கியவர் அவர்தான். பேனாவைத் தொடவே விடமாட்டார். சாதாரண மை ஆல்கஹாலில் கரைந்துவிடும் என்பதால் சீட்டெல்லாம் பென்சிலில்தான். ஆவியாகிக் குறையும் குடுவைகளை விடுமுறை நாளிலும் வந்து நிரப்புவார். ஒரு சேகரிப்பு நூறாண்டு தாங்குவது இப்படிப்பட்டவர்களால்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

பிடித்தவற்றில் பெரும்பாலானவற்றை அளந்துவிட்டு அதே பாறையில் விட்டுவிட்டோம். அனுமதி பெற்று எடுத்த சிலவற்றின் சீட்டுகளில் மாவட்டத்தோடு கிராமம், பாறையின் பெயர், தேதி எல்லாம் இருக்கின்றன. பாறைகளின் பெயரைச் சொன்னவர்கள் நீங்கள்தான். துறைக்கு ஒருநாள் பிள்ளைகளோடு வாருங்கள், குடுவைகளை எடுத்துக் காட்டுகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் பல்லி ஆராய்ச்சி மாணவர்