நெற்றிச் சாம்பலும் வாசல் பலகையும்

எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குப் பேரவைப் பெரியவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறேன். ஞாயிறு இரண்டாம் பூசையில் வலப்பக்கத் தூணருகே நிற்பவன், உங்களில் பலருக்கு என்னைத் தெரியும்.

போன மாதம் நற்கருணை வரிசையில் நின்ற ஒரு பிள்ளையை, ஷால் போடவில்லை என்று உங்களில் ஒருவர் எல்லோர் முன்னாலும் விலகி நிற்கச் சொன்னார். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. அதற்கப்புறம் அவள் கோயில் பக்கமே வரவில்லை. அடுத்த ஞாயிறு வாசலில் 'அடக்கமாக உடுத்தி வரவும்' என்று பலகை வைத்தீர்கள்.

அடக்கத்தின் அருமை தெரியாத சபை இல்லை நம்முடையது. தெற்கே திருவிதாங்கூரில் கிறிஸ்தவ நாடார் பெண்கள் மேலாடை உடுத்தியதற்காகத் தெருவில் அடிபட்டார்கள், துணி கிழிபட்டார்கள். எல்லா நாடார் பெண்களும் மேலாடை உடுத்தலாம் என்று 1859-ல்தான் அரசாணை வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை. அந்தப் பெண்கள் தங்கள் மானத்தைத் தாங்களே கேட்டு வாங்கினார்கள். நாமோ ஒரு சின்னப் பிள்ளையின் மானத்தைப் பீடத்துக்கு முன்னால் வைத்து வாங்கிவிட்டோம்.

வெட்கத்தைப் பற்றிப் பேசத்தான் வேண்டுமென்றால், தவக்காலம் தொடங்கும் நாளில் நெற்றியில் சாம்பலால் சிலுவை இட்டுக்கொள்கிறோமே, அந்தச் சாம்பல் புதனைப் பற்றிப் பேசுவோம். இந்த ஆண்டும் காலைப் பூசை முடிந்து வண்டி எடுக்கும் இடத்தில் பார்த்தேன். கைக்குட்டையை எடுத்து நெற்றிச் சிலுவையைத் துடைக்காத ஆண்பிள்ளைகள் குறைவு. பேரவைக்காரர்களும் துடைத்தார்கள். நானும் துடைத்தேன். அதுவும் எந்த ஊரில்? நெற்றி நிறையத் திருநீறு இல்லாமல் கடை திறக்காத ஊரில். குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் காவடியோடு வெறுங்காலில் நடக்கிற நகரத்தார் யாருக்கும் கூச்சப்படுவதில்லை. ஆண்டில் ஒரு நாள் பூசுகிற சாம்பலுக்கு நமக்கு மட்டும் என்ன கூச்சம்?

நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள் என்று அன்றைய நற்செய்தியே சொல்கிறதே என்பீர்கள். சரி. அது பிறர் மெச்ச நோன்பிருக்கிறவனுக்குச் சொன்னது. நம்மை யார் மெச்சப் போகிறார்கள்? 'அல்லேலூயா' என்று யாராவது கிண்டல் செய்வார்களோ என்று பயந்து துடைக்கிறோம். விளக்கை மரக்காலுக்கு அடியில் வைக்காதே என்று இயேசு சொன்னதும் அதே மலைப்பொழிவில்தான். ஓரியூருக்கு வேன் பிடித்துப் போகிறோம். 1693-ல் அங்கே தலை வெட்டுண்ட போர்த்துகல் நாட்டுக் குரு அருளானந்தர் ஊரறியக் காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தன் விசுவாசத்தை உடம்பிலேயே சுமந்து திரிந்தவர். அந்த மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு வருகிற நாம், ஊர் திரும்பியதும் கடைவாசலில் சிலுவை போடத் தயங்குகிறோம்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சாம்பல் புதனில் துடைக்க மறந்து கடைக்குப் போய்விட்டேன். முதலாளியின் தாயார் நெற்றியைப் பார்த்தார். "இன்னைக்கு உங்களுக்கு விரதமாப்பா?" என்று கேட்டார். ஆமாம் ஆச்சி என்றேன். மதியம் எனக்கு மட்டும் தனியாகத் தயிர்சாதமும் மாவடுவும் அனுப்பியிருந்தார். பதினோரு வருடம் அந்தக் கடையில் இருக்கிறேன். என் நோன்பை அன்றுதான் ஒருவர் விசாரித்தார்.

இரண்டு காரியம் கேட்கிறேன். அந்தப் பலகையை எடுத்துவிடுங்கள். அப்புறம் உங்களில் இருவர், முடிந்தால் அன்று பேசியவரும் சேர்ந்து, அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். கூட வரச் சொன்னால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பங்கு மகன் ஒருவன்