செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: விளையாட்டுப் பிரிவு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், சங்க உறுப்பினர்களுக்கும், பின்வரிசையில் உட்கார்ந்து இப்போதே ஃபோனை எடுத்துவிட்ட இளையவர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டறிக்கை வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதற்குக் காரணம் சென்ற பொதுக்குழுவில் எழுந்த ஒரு கேள்வி. "லண்டனில் ஆர்சனல் இருக்கிறது, செல்சி இருக்கிறது. நம் சங்கம் ஏன் ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற கீழ்ப்பிரிவுக் கழகத்தின் பின்னால் போகிறது?" என்று புதிய உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். கழகத்தின் வரலாற்றையும் இப்போதைய அணியையும் அடுத்த அறிக்கையில் எழுதித் தரும்படி தலைவர் பணித்தார். எழுதியிருக்கிறேன்.

எளிய பதில் ஒன்று உண்டு. அது நம் பக்கத்து வீடு. எஃப்ரா ரோடு கணபதி கோயிலில் அர்ச்சனையை முடித்துக்கொண்டு நடந்தே மைதானத்துக்குப் போய்விடலாம். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தக் கழகமும் நம்மைப் போல ஒரு சங்கம். சந்தா கட்டியவருக்கு ஓர் ஓட்டு, ஆண்டுக்கொரு பொதுக்குழு, கணக்கு கேட்டு எழுந்து நிற்கும் பெரியவர்கள், எல்லாம் அங்கேயும் உண்டு. கழகத்தின் பெரும்பான்மைப் பங்கு டான்ஸ் டிரஸ்ட் என்ற ரசிகர் அமைப்பின் கையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பாசையூர், நாவாந்துறை, குருநகர் என்று ஊர்க் கழகங்களைப் பார்த்து வளர்ந்த நம் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கேள்வி கேட்டதெல்லாம் பிள்ளைகளும், பிள்ளைகள் பக்கம் சாய்ந்த சில அப்பாக்களும்தான்.

வரலாறு 1889-இல் தொடங்குகிறது. பள்ளி ஒன்றின் பழைய மாணவர்கள் விம்பிள்டன் ஓல்ட் சென்ட்ரல்ஸ் என்ற பெயரில் விம்பிள்டன் காமனில் ஆடத் தொடங்கினார்கள். 1912-இல் ப்ளவ் லேன் மைதானத்துக்கு வந்தார்கள். அப்புறம் நெடுங்காலம் சம்பளமில்லா ஆட்டக்காரர்களின் கழகமாகவே இருந்தது. 1963-இல் அமெச்சூர் கோப்பை இறுதியாட்டத்தில் சட்டன் யுனைடெட்டை 4–2 என்று வென்றபோது எடி ரெனால்ட்ஸ் நான்கு கோல்களையும் தலையாலேயே அடித்தார். பழைய மைதானம் இருந்த இடத்தில் இன்று நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் பெயர் ரெனால்ட்ஸ் கேட். தினமும் அதைத் தாண்டிப் போகும் நம்மவர்கள் பலருக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியாது.

1975-இல் இங்கிலாந்து கால்பந்துச் சங்கமான எஃப்ஏ நடத்தும் எஃப்ஏ கோப்பையில், அப்போதைய உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் இருந்த பர்ன்லியை அவர்கள் மைதானத்திலேயே தோற்கடித்தார்கள். அடுத்த சுற்றில் லீட்ஸ் அணியின் பீட்டர் லோரிமர் அடித்த பெனால்டியை கோல்கீப்பர் டிக்கி கை தடுத்தார். மறு ஆட்டத்தில் ஒரே ஒரு கோலில்தான் தோற்றார்கள், அதுவும் சொந்தக் கோல். இதே டிக்கி கை பிற்காலத்தில் ரசிகர்கள் தொடங்கிய புதிய கழகத்தின் கௌரவத் தலைவரானார். 1977-இல் வொர்க்கிங்டன் கழகத்தின் இடத்தில் விம்பிள்டனைத் தொழில்முறைக் கழகங்களின் ஃபுட்பால் லீக் சேர்த்துக்கொண்டது. ஒன்பதே ஆண்டுகளில், 1986-இல், முதல் டிவிஷனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பிறகு 1988 மே 14. வெம்ப்ளி, எதிரே லிவர்பூல். லாரி சான்செஸ் தலையால் ஒரு கோல் அடித்தார். ஜான் ஆல்ட்ரிட்ஜின் பெனால்டியை டேவ் பீசன்ட் தடுத்தார். வெம்ப்ளியில் நடந்த எஃப்ஏ கோப்பை இறுதியாட்டங்களில் பெனால்டி ஒன்று தடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. வெம்ப்ளியில் கேப்டனாக அந்தக் கோப்பையை வாங்கிய முதல் கோல்கீப்பரும் பீசன்ட்தான். அந்த அணியின் முரட்டு ஆட்டத்தைப் பற்றி நிறையக் கதைகள் உண்டு. வின்னி ஜோன்ஸ் கட்டட வேலையில் செங்கல் சுமந்துகொண்டிருந்தவர் என்பது உண்மை. மற்ற கதைகளில் பாதியைக் கழித்துக்கொண்டு கேட்பது நல்லது என்பது என் சொந்தக் கருத்து.

சரிவும் அங்கிருந்தேதான். எல்லாருக்கும் இருக்கை வேண்டும் என்ற புதிய விதிக்குப் பழைய ப்ளவ் லேன் ஈடுகொடுக்கவில்லை. 1991-இல் கழகம் செல்ஹர்ஸ்ட் பார்க்குக்குக் குடியேறி, கிறிஸ்டல் பேலஸ் கழகத்தின் வீட்டில் வாடகைக்கு இருந்தது. பிரீமியர் லீக்கில் முதல் ஆண்டிலிருந்தே ஆடியது. 2000-இல், கோப்பை வாங்கிய அதே மே 14-ஆம் தேதியில், கீழிறங்கியது. 2002 மே 28-இல் எஃப்ஏ அமைத்த மூவர் குழு இரண்டுக்கு ஒன்று என்ற ஓட்டில், கழகம் லண்டனுக்கு வெளியே உள்ள மில்டன் கீன்ஸ் நகருக்கு இடம்பெயரலாம் என்று தீர்ப்பளித்தது. ஊர்த் தேரை இழுத்துப்போய் வேறு ஊரில் நிறுத்திவிட்டு, "இனிமேல் திருவிழாவுக்கு அங்கே வாருங்கள்" என்று சொன்ன மாதிரி. ரசிகர்களே புதிதாக ஒரு கழகம் தொடங்குவது கால்பந்தின் பொது நலனுக்கு ஏற்றதல்ல என்று அந்தக் குழு தன் அறிக்கையில் எழுதியும் வைத்தது.

ரசிகர்கள் அதைத்தான் செய்தார்கள். தீர்ப்பு வந்த சில வாரங்களில் கழகம் பதிவானது. ஜூன் மாதக் கடைசியில் விம்பிள்டன் காமனில் திறந்த தேர்வு வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்றதும் 200 பேருக்கு மேல் வந்தார்கள். ஜூலை 10 அன்று சட்டனில் நடந்த முதல் நட்பு ஆட்டத்தில் 4–0 என்று தோல்வி. பார்க்க வந்த கூட்டம் 4,657. மேலிருந்து ஒன்பதாம் தட்டில் இருந்த கம்பைன்டு கவுன்டீஸ் லீக்கில் சேர்ந்தார்கள். கிங்ஸ்டனில் உள்ள கிங்ஸ்மெடோ அவர்களின் மைதானமானது. 2003 பிப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர் தொடக்கம் வரை 78 லீக் ஆட்டங்கள் தோல்வியே இல்லை. 2004, 2005, 2008, 2009 என்று படிப்படியாக ஏறினார்கள். 2011 மே 21 அன்று மான்செஸ்டரில் லூட்டனோடு கோலில்லாமல் சமன் செய்து, பெனால்டியில் 4–3 என்று வென்று ஃபுட்பால் லீக்குக்குத் திரும்பினார்கள். அன்று இரண்டு பெனால்டிகளைத் தடுத்த செப் பிரவுன் சிறுவயதிலிருந்தே விம்பிள்டன் ரசிகர். கடைசிப் பெனால்டியை அடித்தவர் டேனி கெட்வெல். இதற்கிடையே 2007-இல் பழைய கோப்பைகளும் பட்டங்களும் விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் பரோவுக்கே திரும்பி வந்தன.

2016-இல் வெம்ப்ளியில் பிளிமத் ஆர்கைலை 2–0 என்று வென்று மூன்றாம் தட்டான லீக் ஒன்னுக்கு ஏறினார்கள். 2022-இல் மறுபடி நான்காம் தட்டான லீக் டூவுக்கு இறங்கினார்கள். நடுவில் 2020 நவம்பர் 3 அன்று, பழைய மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், நாய்ப்பந்தய அரங்கம் இருந்த மனையில், புதிய ப்ளவ் லேனில் முதல் ஆட்டம் நடந்தது. கொரோனா காலம், உள்ளே ஒரு ரசிகர் கூட இல்லை. அதைக் கட்டப் பணம் போதாமல் போனபோது ரசிகர்களிடமே கடன் பத்திரம் விற்று 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். நம் மண்டப நிதி எத்தனை ஆண்டுகளாக அதே இடத்தில் நிற்கிறது என்று பொருளாளரைப் பார்த்து இங்கே நான் கேட்கப்போவதில்லை.

இனி இந்த ஆண்டு.

ஆகஸ்டில் லீக் கோப்பையில் பிரீமியர் லீக் அணியான இப்ஸ்விச்சைப் பெனால்டியில் வெளியேற்றினார்கள். செப்டம்பர் 14 அன்று, இடம்பெயர்ந்த பழைய கழகத்தின் வழிவந்த மில்டன் கீன்ஸ் அணியை ப்ளவ் லேனில் 3–0 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்துக்கு மட்டும் நம் குழு டிக்கெட்டுக்கு ஆள் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரமே பெருமழை பெய்து வான்டில் ஆறு கரை புரண்டது. மைதானத்தின் ஒரு மூலை அப்படியே உள்வாங்கிப் பெரும் பள்ளமாகிவிட்டது. நியூகாசிலோடு இங்கே நடக்கவிருந்த கோப்பை ஆட்டம் அவர்கள் ஊருக்கு மாறியது. 1–0 என்று தோற்றாலும் கௌரவமான ஆட்டம். சொந்த மைதானத்தில் வாரக்கணக்கில் ஆட்டமே இல்லை. ரசிகர்கள் நிதி திரட்டினார்கள், தன்னார்வலர்கள் வந்து சேறு அள்ளினார்கள்.

லீக்கின் கடைசி நாளில் கிரிம்ஸ்பியில் 1–0 என்று வென்று ஐந்தாம் இடத்தைப் பிடித்தார்கள். மிச்சமிருக்கும் ஓர் உயர்வு இடத்துக்காக நடக்கும் பிளே-ஆஃப் அரையிறுதியில் நாட்ஸ் கவுன்டியை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 2–0. மே 26, வங்கி விடுமுறைத் திங்கள், வெம்ப்ளியில் வால்சால். ஜனவரியில் 12 புள்ளி முன்னிலையில் இருந்து கடைசி நிமிடத்தில் நேரடி உயர்வைக் கோட்டைவிட்ட அணி அது, பாவம். முதல் பாதியின் கூடுதல் நேரத்தில் மைல்ஸ் ஹிப்போலைட் அடித்த ஒரே கோல் போதுமாக இருந்தது. தொடங்கி 23 ஆண்டுகளில் இது ஏழாவது உயர்வு.

அணியைப் பற்றி. முதலில் ஓர் எச்சரிக்கை: கீழ்ப்பிரிவு அணிப் பட்டியல் பால் பாக்கெட் போல, தேதி பார்த்து வாங்க வேண்டும். கோடையில் பாதிப் பேர் மாறிவிடுவார்கள். ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களும் பெரிய கழகங்கள் இரவலாகத் தரும் லோன் வீரர்களும்தான் இந்தத் தட்டின் நடைமுறை. ஆகவே ஜெர்சியின் முதுகில் ஆட்டக்காரர் பெயரைப் போட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கித் தராதீர்கள். பிள்ளையின் பெயரையே போடுங்கள்.

கீழே சொல்வது வெம்ப்ளியில் வென்ற சீசனின் அணி. இந்த அணியின் பலம் தற்காப்பு. லீக் டூவிலேயே மிகக் குறைவாகக் கோல் வாங்கியவர்கள் இவர்கள்தான். பிளே-ஆஃப் மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல் கூட விடவில்லை. கோல்கீப்பர் ஓவன் குட்மேன் கிறிஸ்டல் பேலஸிலிருந்து லோனில் வந்தவர், சீசன் முடிந்ததும் திரும்பிப் போக வேண்டியவர். இந்த அணியில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் அவரைத்தான் கேட்பேன். அவருக்கு முன்னால் ஜோ லூயிஸ், ரயன் ஜான்சன், கழகத்தின் இளையோர் அகாடமியிலேயே வளர்ந்த ஐசக் ஒகுன்டேரே. பக்கவாட்டில் ஓடி ஓடி ஆடுபவர் ஜோஷ் நூஃப்வில்.

நடுக்களத்தில் கேப்டன் ஜேக் ரீவ்ஸ். 2016-இல் வெம்ப்ளியில் வென்ற அணியிலும் இருந்தார்; இடையில் வேறு கழகங்களுக்குப் போய்த் திரும்பி வந்து, இந்த முறை கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். அலிஸ்டர் ஸ்மித், கேலம் மேகாக், மார்க்கஸ் பிரவுன் ஆகியோரும் நடுக்களத்தில். ஹிப்போலைட் கிரெனடா நாட்டுக்காக ஆடுபவர். முன்வரிசையில் மேத்யூ ஸ்டீவன்ஸ், அணியில் அதிகக் கோல் அடித்தவர். அவரோடு ஒமர் புகியெல். பெர்லினில் பிறந்து லெபனானுக்காக ஆடியவர். முதுகில் தடுப்பாளரைச் சுமந்துகொண்டே பந்தைப் பிடித்துவைப்பது அவர் வேலை. அவர் கோல் அடிக்கவில்லை என்று குறைசொல்பவர்கள் ஒருமுறை அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். புதிய ப்ளவ் லேனில் முதல் கோல் அடித்த ஜோ பிகட்டும் 2024-இல் திரும்பி வந்தார்.

மேனேஜர் ஜானி ஜாக்சன் 2022 மே மாதத்திலிருந்து இருக்கிறார். சார்ல்டனில் கேப்டனாகவும் பிறகு மேனேஜராகவும் இருந்தவர். முதல் சீசனில் அணி லீக் டூவின் அடிமட்டத்துக்கு அருகே முடித்தது. வெளியே அனுப்பு என்ற கூச்சலும் எழுந்தது. கழகம் பொறுத்தது. பணக்கார முதலாளி ஒருவர் கையில் இருந்திருந்தால் அந்தக் கிறிஸ்துமஸோடு அவர் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

பணம் எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். ஒரு பகுதி ஆட்டக்காரர்களை வளர்த்து விற்பதில். அகாடமியில் வளர்ந்த ஜாக் ரூடோனி 2022-இல் ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போனார். 2023 ஜனவரியில் வந்த ஈராக் வீரர் அலி அல்-ஹமாதி ஓராண்டிலேயே இப்ஸ்விச்சுக்கு விற்கப்பட்டு, பிரீமியர் லீக்கில் ஆடிய முதல் ஈராக்கியர் ஆனார். நல்ல ஆட்டக்காரர் ஒருவர் போகும்போது மனசு கஷ்டப்படும். ஆனால் ப்ளவ் லேனில் கொள்ளளவு ஒன்பதாயிரத்துச் சொச்சம்தான். டிக்கெட் வருமானத்தை மட்டும் நம்பி இந்தத் தட்டில் நிற்க முடியாது.

நம் பிரிவின் நிர்வாக விஷயங்கள். சனிக்கிழமை மூன்று மணி ஆட்டமும் தமிழ்ப் பள்ளி நேரமும் மோதுவது இந்த ஆண்டும் தீரவில்லை. பள்ளிதான் முதலில் என்ற குழுவின் முடிவு அப்படியே தொடர்கிறது. செவ்வாய் இரவு ஆட்டங்களுக்குக் குழு டிக்கெட் எடுப்பது இருவருக்கும் நல்லது. வெம்ப்ளிக்குப் பொறுப்பாகப் பிள்ளைகளை அழைத்துப்போய் எல்லாரையும் எண்ணிக் கூட்டிவந்த பெற்றோருக்கு நன்றி. அன்று புளிச்சோறு கட்டித் தந்த மகளிர் பிரிவுக்குத் தனியாக நன்றி.

வரும் 2025–26 சீசன் லீக் ஒன்னில். டிக்கெட் விலை கூடலாம், எதிரணி ரசிகர் கூட்டமும் பெரிதாக இருக்கும். ஆகவே பெயர்களை முன்கூட்டியே தரவும். கடைசி நாள் இரவு வாட்ஸ்ஆப்பில் "அண்ணா, எனக்கும் ரெண்டு" என்று வரும் செய்திகளுக்கு இனிமேல் பதில் வராது.

பொதுக்குழுவின் முடிவுக்கு ஒரு தீர்மானம் வைக்கிறேன்: நம் உறுப்பினர்களில் விரும்புவோர் டான்ஸ் டிரஸ்டில் தனித்தனியே உறுப்பினராகச் சேர சங்கம் உதவ வேண்டும். ஆட்டம் பார்ப்பவர்களாக மட்டும் இல்லாமல், அந்தப் பொதுக்குழுவிலும் கை தூக்கும் உரிமை நமக்கு வேண்டும். முன்மொழியவும் வழிமொழியவும் ஆட்கள் தேவை.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தாக்கல் செய்வார். இந்த ஆண்டறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
விளையாட்டுப் பிரிவு