ஒரே ஞானஸ்நானத்தை இரண்டாக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு ஆன்மிகப் பக்கத்தில், “மெய்யான சபை ஒன்றுதான், மற்ற சபைகளில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது” என்று ஒரு வரி வந்திருந்தது. முதல் பாதியை அச்சிட்டதில் எனக்குச் சண்டை இல்லை. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் தங்களைப் பற்றி அப்படித்தான் நம்புகிறார்கள். இரண்டாம் பாதியை எப்படி ஐயா அச்சில் ஏற்றினீர்கள்? ஆண்டுதோறும் தவக்காலத்துக்குச் சிறப்புப் பக்கம் போடும் உங்களுக்கு இது தெரியாதிருக்க வழியில்லை.

இந்த வழக்கு மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. பிரிந்த கூட்டத்தாரிடம் முழுக்குப் பெற்றவர்கள் திரும்பி வந்தால் மறுபடியும் கொடுக்க வேண்டும் என்றார் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் (பிஷப்) சிப்ரியான். கூடாது என்றார் ரோமை ஆயர் ஸ்தேவான். பிறகு ஆயர் அகஸ்தீனார், பேதுரு கொடுத்தாலும் யூதாஸ் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே என்று விளக்கினார். மேற்கத்தியத் திருச்சபையில் நிலைத்தது அதுதான். கத்தோலிக்கச் சட்டத் தொகுப்பின் 869ஆம் பிரிவைப் பாருங்கள்: தண்ணீர், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயர், கொடுப்பவரின் எண்ணம், இவை சரியாக இருந்தால் லுத்தரன், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபைகளில் பெற்றதைத் திரும்பக் கொடுக்கக் கூடாது. விசாரித்த பிறகும் பலமான சந்தேகம் இருந்தால் மட்டும், “நீ ஏற்கெனவே பெறாதிருந்தால்” என்ற நிபந்தனையோடு கொடுக்கலாம். 1964இல் கத்தோலிக்க ஆயர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்துவின் திருச்சபை கத்தோலிக்கத் திருச்சபையில் நிலைத்திருக்கிறது என்று சொன்ன அதே இடத்தில், அதன் எல்லைக்கு வெளியேயும் தூய்மையும் உண்மையும் உண்டு என்று சொன்னது. உங்கள் கட்டுரையாளர் பாதியோடு நிறுத்திவிட்டார்.

எது செல்லாது என்றும் சொல்லிவிடுகிறேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவப் பெயரைச் சொல்லாமல் “இயேசுவின் நாமத்தில்” என்று மட்டும் கொடுத்தது கத்தோலிக்கரிடம் செல்லாது. “நான்” என்பதற்குப் பதிலாக “நாங்கள் உனக்குக் கொடுக்கிறோம்” என்று வார்த்தையை மாற்றினாலும் செல்லாது என்று 2020இல் ரோமை அறிவித்தது. பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சகோதரர்கள் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காதது வேறு வாதம். விசுவாசத்தை வாயால் அறிக்கையிடாமல் முழுக்கு இல்லை என்கிறார்கள். நான் உடன்படவில்லை. ஆனால் அது எந்தச் சபை மெய், எது பொய் என்ற பேச்சே அல்ல.

எங்கள் பக்கம் நடப்பது என்ன? தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றதிலும், லயம் என்ற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து தமான் என்ற புதுக் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்ததிலும் எத்தனையோ பதிவேடுகள் தொலைந்தன, மிச்சத்தைக் கறையான் தின்றது. கல்யாணம் பேசும்போது சான்றிதழ் இல்லை என்றால், “மறுபடியும் எடுத்துவிடுங்கள்” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். யாருக்கும் பாதகம் வராத இடத்தில், நம்பத்தக்க ஒரே சாட்சி போதும் என்கிறது அதே தொகுப்பின் 876ஆம் பிரிவு. ஞானஸ்நானத்தில் உடன் நின்ற ஞானத்தாய் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுப் பார்க்க ஒரு நாள் ஆகாது. வளர்ந்தபின் பெற்றவராக இருந்தால் அவரே சத்தியம் செய்து சொன்னால் போதும்.

கத்தோலிக்கரும் பிற சபையாரும் செய்துகொள்ளும் கலப்புத் திருமணத்திலும் இதே கதை. இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்றால் ஆயரின் அனுமதி போதும். பிள்ளைகளைப் பற்றிய வாக்குறுதியைக் கொடுப்பது கத்தோலிக்கர் மட்டுமே, மற்றவருக்கு அதைத் தெரியப்படுத்தினால் சரி. இருவரும் கையெழுத்துப் போட்டது 1970க்கு முந்திய முறை. அந்தப் படிவத்தை இன்னும் நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சாவு வீட்டில் பெட்டியை வைத்துக்கொண்டு எந்தச் சபை என்று விசாரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சொந்தப் போதகர் கிடைக்காதபோது, இறந்தவரின் விருப்பத்துக்கு மாறாக இல்லையென்றால், பிற சபையாருக்கும் அடக்கச் சடங்கு செய்ய ஆயர் இடம் கொடுக்கலாம் என்று 1183ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன்களும் கத்தோலிக்கரும் நீதிமானாக்கப்படுதல், அதாவது கடவுள் மனிதனை நீதிமானாக ஏற்பது, பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2006இல் மெதடிஸ்டுகள் சேர்ந்தார்கள். தமிழில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டு சபையாரும் கூடி மொழிபெயர்த்த பொது விவிலியம் 1995இலேயே வந்துவிட்டது. இவற்றுக்கெல்லாம் உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் இடம் இருந்ததாக நினைவில்லை. பிரிக்கிற வரிக்கு மட்டும் கட்டம் கட்டி இடம் கொடுத்தது வலிக்கிறது.

“பொதுவாயிருக்கிற பரிசுத்த சபை” என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோம். அந்தப் பொதுவை எந்த ஒரு சபையும் தன் பெயருக்குப் பட்டா போட முடியாது என்பதே என் உறுதியான எண்ணம்.

அந்த ஒரு வரிக்கு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் போடுங்கள். ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செப வாரம் வருகிறது. எங்கள் வட்டாரக் கூட்டுச் செபத்தின் நேரத்தை அனுப்பினால் வெளியிடுவீர்களா என்றும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
லுத்தரன் சபை வாசகர்,
கோலசிலாங்கூர்